மின்சாரம் வேண்டும், யந்திர ஞானம் வேண்டாவா?

ஒரு சமூகம் தான் நாள்தோறும் நுகரும் பொருள் எங்கிருந்து வருகிறது, எவர் கையால் ஆகிறது, அதற்கு யார் என்ன விலை கொடுக்கின்றனர் என்பவற்றை அறியாமலே வாழுமானால், அச்சமூகம் எத்துணை வசதி பெற்றிருப்பினும் பிறர் தயவில் வாழும் சமூகமேயாகும். சோறு உண்கிறவன் நெல் விளையும் விதத்தை அறிவான். ரப்பர் சீவுகிறவன் பால் எங்ஙனம் தாளாகிறது என்பதை அறிவான். ஆனால் மாலையில் சுவரிலுள்ள விசையைத் தட்டியவுடன் எரிகிறதே ஒரு விளக்கு, அதன் ஒளி எங்கிருந்து வந்தது என்று நம்மவரைக் கேட்டுப் பாருங்கள். “கரண்டு கம்பெனியிலிருந்து” என்பார்கள். கம்பெனிக்கு எங்கிருந்து வந்தது என்றால் சிரிப்பார்கள். அச்சிரிப்பைப் பற்றியே இக்கட்டுரை.

நெகிரி செம்பிலானில் வாழும் நமக்கு இச்சிரிப்பு சிறிதும் பொருந்தாது. போர்ட்டிக்சன் வட்டாரத்தில், லுக்குட்டை அடுத்த கடலோரத்தில், மலைபோல் நிமிர்ந்து நிற்கும் புகைபோக்கிகளை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். அவை ஜிமா அனல் மின் நிலையங்கள். முதல் நிலையம் 2009ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிற்று. 700 மெகாவாட் ஆற்றலுடைய யந்திரங்கள் இரண்டு அதில் உள்ளன. அதனை அடுத்து ஜிமா ஈஸ்ட் என்னும் நிலையம் 2019இல் எழுந்தது. அதில் 1,000 மெகாவாட் யந்திரங்கள் இரண்டு. ஆக மொத்தம் 3,400 மெகாவாட். நம் மாநிலத்திற்கு வேண்டியதைக் கொடுத்துவிட்டுக் கோலாலம்பூருக்கும் அதற்கப்பாலும் அனுப்பத்தக்க பேராற்றல் நம் தோட்டங்களின் அண்டையிலே பிறக்கிறது. அது பிறக்கும் முறையைச் சொல்லவல்லவர் நம்முள் எத்தனை பேர்?

“அதெல்லாம் இஞ்சினியர்மார் விஷயம், நமக்கெதற்கு?” என்று சொல்லுவோர் உளர். இவர்களே நம் முதல் எதிரிகள். ஏனெனில், இவர்கள் ‘நமக்கெதற்கு’ என்று ஒதுக்கும் அந்த வித்தை நம் தோட்டத்து எண்ணெய் ஆலையில் இன்றும் நம்மவர் கையாலேயே நடந்து வருகிறது. ஆலைக்குள் சென்று பாருங்கள். பழக்குலையிலிருந்து எண்ணெய் பிழிந்த பின் மிஞ்சும் நாரையும் ஓட்டையும் பாய்லரில் இடுகிறார்கள். அது எரிந்து நீரை ஆவியாக்குகிறது. ஆவி டர்பைனைச் சுழற்றுகிறது. டர்பைன் மின்சாரம் தருகிறது. அங்கிருந்து வெளிவரும் ஆவியே குலைகளை வேகவைக்கிறது. பாய்லர்க்காரர் கண்ணாடிக் குழாயில் நீர் மட்டத்தைப் பார்த்துக்கொண்டும், அழுத்தம் காட்டும் முள்ளைக் கவனித்துக்கொண்டும் நிற்கிறார். இது அனல் மின் நிலையமன்றி வேறென்ன? அளவிலேதான் பேதம்.

அந்தப் பேதத்தையும் சொல்லிவிடுவோம். ஆலை டர்பைன் ஒன்று ஏறக்குறைய 1 மெகாவாட் தரும் என்று வைத்துக்கொண்டால், ஜிமா ஈஸ்டின் யந்திரம் ஒன்று அத்தகைய ஆயிரம் டர்பைன்களுக்குச் சமம். ஆலைப் பாய்லரில் அழுத்தம் சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல் சுமார் 20 மடங்கு. புதுமுறை அனல் நிலையத்தில் 250 மடங்குக்கும் மேல். அவ்வளவு அழுத்தத்தில் நீர் கொதிப்பதே இல்லை. சுமார் 218 மடங்கைக் கடந்துவிட்டால் நீர் என்றும் ஆவி என்றும் வேறுபாடு மறைந்துபோகிறது. குமிழியிட்டுக் கொதிக்காமலே அது 600 பாகை வரை சூடேறி டர்பைனுக்குள் பாய்கிறது. இவ்வளவு சூடேற்றுவானேன் என்று கேட்கலாம். சூடு ஏற ஏற, ஒரே அளவு கரியிலிருந்து கூடுதல் மின்சாரம் கிடைக்கிறது என்பதே காரணம்.

கரியின் பயணத்தையும் கேளுங்கள். பெரும்பகுதி இந்தோனேசியாவிலிருந்து கப்பலில் வருகிறது. ஆஸ்திரேலியாவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் ஒரு பகுதி வருகிறது. கப்பலிலிருந்து இறக்கி, ஓடும் பட்டைகளின் மேல் கொண்டுசென்று, குவியலாகக் கொட்டுகிறார்கள். பின்னர் அரவை யந்திரத்தில் இட்டு மாவுபோல் பொடிக்கிறார்கள். கட்டியாக எரிவதில்லை, பொடியாகக் காற்றோடு கலந்து ஊதப்பட்டு எரிகிறது. உலையின் சுவர் முழுவதும் நீர்க் குழாய்கள். டர்பைன் நிமிஷத்திற்கு 3,000 சுற்றுச் சுற்றுகிறது. ஆதலின்தான் நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 தடவை அலைகிறது. வேலை முடித்த ஆவியைக் கடல்நீரால் குளிர்வித்து மறுபடி நீராக்குகிறார்கள். அக்கடல்நீர் சற்றுச் சூடேறிக் கடலுக்கே திரும்புகிறது. கரியில் உள்ள சக்தியில் 100க்குச் சுமார் 40 பங்கே மின்சாரமாகிறது. எஞ்சியதில் பெரும்பகுதியைக் கடல் குடிக்கிறது; மீதி புகையோடு போகிறது.

1,000 மெகாவாட் யந்திரம் ஒன்று முழு வேகத்தில் ஒருநாள் ஓடினால் ஏறக்குறைய 10,000 டன் கரி தீரும். ஜிமாவின் நான்கு யந்திரங்களும் ஓடினால் நாளொன்றுக்கு 30,000 டன்னுக்குக் குறையாது. 30 டன் ஏற்றும் லாரிகள் ஆயிரம் என்று கண்முன் நிறுத்திப் பாருங்கள். அதில் நூற்றுக்கு 5 பங்கு சாம்பல் என்று கொண்டாலும், ஒரே நாளில் 1,500 டன் சாம்பல். இன்னொன்று: கரி எரியும்போது காற்றிலுள்ள பிராணவாயுவுடன் கூடுகிறது, ஆகவே புகைபோக்கி வழியே போகும் கரியமிலவாயுவின் எடை, எரித்த கரியின் எடையைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு ஆகும். ‘புகைதானே, காற்றோடு போயிற்று’ என்பவர் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும். பூமியின் சூடு ஏன் ஏறுகிறது என்பது விளங்கும்.

நிற்க. இது நமக்குப் புதிய வித்தையா? இல்லை. மலாயாவில் மின்சாரம் முதன்முதல் எங்கே வந்தது தெரியுமா? 1894இல், சிலாங்கூரைச் சேர்ந்த ரவாங்கில், ஈயச் சுரங்கத்தில். அதனைக் கொண்டுவந்த இருவருள் ஒருவர் லோக் இயூ என்னும் சீன வணிகர். மற்றவர் தம்புசாமிப் பிள்ளை என்னும் தமிழர். பத்துமலைக் கோயிலோடு சேர்த்துத் தம்புசாமிப் பிள்ளையை ஆண்டுதோறும் நினைப்பவர் இலக்கக் கணக்கானோர். அவரே இந்நாட்டில் மின்யந்திரம் கொண்டுவந்தவருள் ஒருவர் என்பதை நினைப்பவர் எத்தனை பேர்? அவர் செய்த இரண்டு காரியங்களில் ஒன்றை விழாவாக்கினோம். மற்றொன்றை மறந்தே போனோம். நம் சமூகத்தின் மனப்போக்கை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் வேண்டுமோ?

அந்த 1894க்குப் பின் நடந்ததென்ன? 1915 முதல் பத்து ஆராங்கில் நிலக்கரி தோண்டினார்கள். அக்கரி புகைவண்டிகளை ஓட்டிற்று; 1927இல் எழுந்த பங்சார் மின் நிலையத்தில் எரிந்து கோலாலம்பூருக்கு ஒளி தந்தது. 1937இல் பத்து ஆராங் தொழிலாளர் உரிமை கேட்டு வேலை நிறுத்தம் செய்ததும், ஆட்சியினர் அதனை அடக்கியதும் சரித்திரம். 1949இல் மத்திய மின்சார வாரியம் ஏற்பட்டது. 1953இல் கிள்ளானுக்கு அருகே கன்னாட் பாலத்து மின் நிலையம் திறக்கப்பட்டது. நகரங்களில் விளக்குகள் பெருகின. தோட்டத்து லயன்களிலோ? மண்ணெண்ணெய் விளக்கு. பின்னர் வந்தது தோட்டத்து ஜெனரேட்டர். மாலையில் சில மணி நேரம் ஓடும், இரவு நிறுத்திவிடுவார்கள். விளக்கு அணைந்தபின் படிக்க வேண்டிய பிள்ளை மெழுகுவர்த்தியைத் தேடும். என் தந்தையார் தலைமுறை அவ்வொளியில்தான் படித்தது. தோட்டம் தனியார் சொத்து. ஆகையால் கிராம அபிவிருத்திக்குச் சர்க்கார் செலவிடும் பணம் தோட்டத்து வேலிக்குள் வாராது என்று நெடுங்காலம் நியாயம் பேசப்பட்டது. தொழிலாளிக்கு வீடு தரும் முதலாளி போதிய மின்சாரமும் தர வேண்டுமென்பதைக் கடமையாக்கிய சட்டம் 1990இல் இயற்றப்பட்டது.

1894, 1990. இடையே 96 ஆண்டுகள். தமிழர் ஒருவர் பங்கு கொண்டு கொணர்ந்த மின்சாரம், தமிழ்ப் பாட்டாளியின் குடிசைக்கு உரிமையாக வர ஒரு நூற்றாண்டு ஆயிற்று. இதற்கு முதலாளிமாரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. ஆண்டவர்களை மட்டும் குறை கூறியும் பயனில்லை. மின்சாரம் இன்னது, அதனை ஆக்க இவ்வளவு செலவாகும், ஒரு லயனுக்குக் கம்பி இழுக்க இவ்வளவு ஆகும் என்று கணக்கோடு எழுந்து கேட்கத்தக்க அறிவு நம்மிடம் பரவவில்லை. ‘வெளிச்சம் போதவில்லை’ என்று முறையிடுபவனுக்கு நாளை வா என்று பதில் சொல்லலாம். ‘உம்முடைய ஜெனரேட்டர் இத்தனை கிலோவாட், லயன்களுக்கு வேண்டுவது இத்தனை’ என்று சொல்பவனை அங்ஙனம் அனுப்பிவிட முடியாது. அறிவுள்ள முறையீட்டிற்கே பலம் உண்டு.

இனி, நம் படித்த வகுப்பாரைப் பற்றிச் சில வார்த்தை. நானும் தோட்டத்து ஆபீசில் அமர்ந்து கணக்கெழுதும் கிராணி. ஆங்கிலப் பள்ளியில் படித்தவன். ஆகவே இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. மேசையும் நாற்காலியும் கிடைத்தால் கௌரவம், எண்ணெய்க் கறை படிந்த கை இழிவு என்னும் எண்ணம் நம்முள் ஊறிக் கிடக்கிறது. சாதிப் பித்தை ஒழிப்போம் என்று மேடையில் முழங்குவோரும் இப்பித்தை விடுவதில்லை. கையால் வேலை செய்பவன் தாழ்ந்தவன், எழுதுகோல் பிடிப்பவன் உயர்ந்தவன் என்பது பழைய வருணப் பித்தின் புதிய வேஷமேயன்றி வேறில்லை. முதல்தரப் பாய்லர்ச் சான்றிதழ் பெற்றவன் கையில் ஓர் ஆலையே நிற்கிறது. அவன் ஒரு நிமிஷம் கவனம் தவறினால் பாய்லர் வெடிக்கும். அவன் மகளுக்குப் பெண் பார்க்க வருவோர் ‘மாப்பிள்ளை வீட்டார் ஆபீஸ் உத்தியோகம்’ என்று மார்தட்டுவதும், அவன் தலைகுனிந்து நிற்பதும் எந்த நியாயம்? எழுதுகோலால் செய்யும் என் வேலையை இன்று கணிப்பொறி செய்துவிடும். பாய்லர்க்காரனின் கண்ணையும் காதையும் அவ்வளவு எளிதில் எந்த யந்திரமும் பறித்துவிடாது.

‘தமிழனுக்கு இவ்வித்தை வராது’ என்று நம்மவரே தம்மைத் தாழ்த்திப் பேசுவதுமுண்டு. தமிழ்நாட்டில் நெய்வேலியைப் பாருங்கள். பழுப்பு நிலக்கரியைத் தோண்டி அங்கேயே எரித்து மின்சாரம் ஆக்கும் முதல் யந்திரம் 1962இல் ஓடத் தொடங்கிற்று. அன்று முதல் அவ்வுலைகளையும் டர்பைன்களையும் தமிழர் பல்லாயிரவர் இயக்கி வருகின்றனர். உழவர் வீட்டுப் பிள்ளைகள் அங்கே நிபுணராயினர். நிலத்தைப் பறிகொடுத்த கிராமத்தார், தங்களுக்கு உரிய வேலையும் ஈடும் கிடைக்கவில்லை என்று இன்றும் போராடுகிறார்கள் என்பதும் உண்மை. இவ்விரண்டையும் சேர்த்தே நாம் படிக்க வேண்டும். வித்தை நமக்கு வரும் என்பது முதற்பாடம். பக்கத்தில் நிலையம் எழுந்தமையாலேயே பலன் தானாக வந்துவிடாது என்பது இரண்டாம் பாடம்.

வேறு சிலர் மற்றொரு வாதம் கொண்டு வருவர். ‘நிலக்கரி நஞ்சு, புகை நோய், அந்த நிலையத்தை வெறுக்க வேண்டுமேயன்றி அதன் வித்தையைக் கற்பானேன்?’ என்பர். புகை தீது என்பதில் எமக்கு ஐயமில்லை. கந்தகப் புகையும் நுண்தூசியும் மார்பைக் கெடுப்பவை. ஆனால் வெறுப்பு ஒன்றே காற்றைத் தூய்மை செய்துவிடாது. புகைபோக்கிக்கு முன் மின்சாரத் தகடுகள் தொங்கவிடப்பட்டிருக்கின்றன. அவை நன்கு பராமரிக்கப்பட்டால் தூசியில் நூற்றுக்கு 99 பங்குக்கும் மேல் பிடித்துவிடும். பராமரிப்புக் குறைந்தால் பிடிக்கா. 2014ஆம் ஆண்டின் தூய காற்று விதிகள் புகைக்கு வரம்பு கட்டி, இத்தகைய பெரிய நிலையங்கள் இடைவிடாது அளக்க வேண்டும் என்கின்றன. அளவு எங்கே? காட்டுங்கள் என்று கேட்கிறவர் யார்? தகடு என்பதையும் வரம்பு என்பதையும் அறிந்தவரன்றோ கேட்க முடியும்! அறியாதவர் இருமிக்கொண்டே இருப்பர், சாமிக்கு நேர்ந்துகொள்வர். புகையை எதிர்க்க விரும்புவோருக்கே யந்திர ஞானம் முதலில் தேவை.

இன்னுஞ் சிலர் புத்திசாலித்தனமாகப் பேசுவர்: ‘2044ஆம் ஆண்டுக்குள் நிலக்கரி நிலையங்களை மூடிவிடப் போவதாகச் சர்க்காரே சொல்லிவிட்டது. புதிய நிலக்கரி நிலையம் கட்டுவதில்லை என்றும் அறிவித்தாயிற்று. அழியப் போகும் தொழிலைக் கற்பானேன்?’ இவ்வாதத்திற்கு விடை சொல்வது கடமை. மூடப்போவது கரி உலையேயன்றி மின்சாரமன்று. போர்ட்டிக்சனிலுள்ள துவாங்கு ஜாஃபார் நிலையம் முன்பு எண்ணெயால் ஓடிற்று. பின்னர் இயற்கை வாயுவுக்கு மாறிற்று. வாயு நிலையத்திலும் ஆவி டர்பைன் உண்டு; ஜெனரேட்டர் உண்டு; டிரான்ஸ்ஃபார்மர் உண்டு. சூரிய ஒளிப் பண்ணைக்கும் கம்பியும் சாவியும் அளவுக்கருவியும் வேண்டும். எரிபொருள் மாறும், மின்சார ஞானம் மாறாது. தவிரவும், இன்று பள்ளி முடிக்கும் 17 வயதுப் பிள்ளைக்கு 2044இல் நாற்பது வயதுகூட நிரம்பியிராது. கற்றவனாயின் அன்று அவன் வேறு நிலையத்திற்குச் செல்வான். கல்லாதவனாயின் வாயிலில் நிற்பான்.

மூடுவிழா என்றால் என்ன என்பதை நாம் அறியாதவரல்லோம். மலிவான எண்ணெய் வந்தது. புகைவண்டி டீசலுக்கு மாறிற்று. பத்து ஆராங் சுரங்கம் 1960இல் மூடப்பட்டது. அங்கே தோண்டியவர் கையில் மண்வெட்டி மட்டுமே மிஞ்சிற்று. பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீட்டு மனைகளாயின. மூன்று தலைமுறை உழைத்தவர் கோயிலையும் பள்ளியையும் விட்டுவிட்டு, வேறு தொழில் எதுவும் அறியாமல் பட்டணத்து ஓரத்தில் போய்ச் சேர்ந்தனர். ஒவ்வொரு மாறுதலின்போதும் நாம் கடைசியாக அறிந்தோம், முதலில் இழந்தோம். 2044க்கு முன் நமக்கு அவகாசம் இருக்கிறது. இம்முறையும் கடைசியாக அறிந்தோமானால் குற்றம் எவருடையது?

ஆதலின் செய்ய வேண்டியவை சிலவற்றை இங்கே வரிசையாகச் சொல்லுகிறோம்.

முதலாவது, இம்மாநிலத்துத் தமிழ்ப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களும் பெற்றோர் சங்கங்களும் ஆண்டுக்கொரு முறை பிள்ளைகளை எண்ணெய் ஆலையின் பாய்லர் அறைக்கு, நிர்வாகத்தின் அநுமதியோடும் பாதுகாப்போடும் அழைத்துச் செல்ல வேண்டும். உல்லாசப் பயணத்திற்குப் பஸ் ஏற்பாடு செய்யக் கூடுமானால் இதுவும் கூடும். மின் நிலையத்தைக் காணவும் எழுதிக் கேட்க வேண்டும்.

இரண்டாவது, எஸ்.பி.எம். தேர்வில் தேறிய பிள்ளைக்குக் ‘கணக்கு வருமா, கிராணி வேலை கிடைக்குமா’ என்று கேட்பதை விட்டு, தொழிற்பயிற்சி நிலையங்களில் மின்சாரம், பாய்லர், பற்றவைப்பு முதலியவற்றிற்கு விண்ணப்பம் போடச் செய்ய வேண்டும். விண்ணப்பப் பத்திரம் நிரப்பத் தெரியாத பெற்றோருக்கு உதவுவது கிராணிமாரின் கடமை. மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். பெண் பிள்ளைகளை இதினின்று நீக்குவது முழு மடமை. அளவுக்கருவியின் முள் ஆண் பெண் பேதம் பார்ப்பதில்லை.

மூன்றாவது, தொழிற்சங்கங்களும் பொதுமன்றங்களும் இரண்டு கோரிக்கைகளை எழுத்து மூலம் வைக்க வேண்டும். நிலையத்தின் புகை அளவுகளைப் போர்ட்டிக்சன், லுக்குட் பொதுஜனங்கள் படிக்கத்தக்க இடத்தில், மலாய், சீனம், தமிழ் ஆகிய மொழிகளில் மாதந்தோறும் வெளியிட வேண்டும் என்பது ஒன்று. நிலையங்கள் மூடப்படும் நாளுக்குப் பல ஆண்டுகள் முன்னரே, அங்கும் அதனைச் சார்ந்த ஒப்பந்த வேலைகளிலும் உழைப்போருக்கு மாற்றுத் தொழில் கற்பிக்கும் திட்டம் வகுக்க வேண்டும் என்பது மற்றொன்று.

நான்காவது, நம் படிப்பகங்களில் யந்திர நூல்கள் இடம்பெற வேண்டும். சினிமாச் செய்திக்கும் ஜோதிடத்திற்கும் உள்ள இடத்தில் கால்வாசியாவது மின்சார அறிவுக்குக் கொடுங்கள். பாய்லரின் பகுதிகளையும் மின்சாரத்தின் அளவுகளையும் தமிழில் விளக்கும் சிறு புத்தகம் ஒன்றைப் பாய்லர்க்காரர் ஒருவரும் ஆசிரியர் ஒருவரும் சேர்ந்து எழுதினால், அது நூறு வாழ்த்துரைகளைவிட மேலான தொண்டாகும்.

தோழர்களே! நெருப்பைக் கண்டு அஞ்சி வணங்கிய மனிதன் ஒருவன். அதன் மேல் பானையை வைத்துச் சோறாக்கிய மனிதன் மற்றொருவன். நாகரிகம் இரண்டாமவனால் வளர்ந்தது. ஜிமாவின் உலையும் நெருப்புத்தான். அதனை வியந்து பார்ப்பதும் வசைபாடுவதும் நமக்கு ஒன்றும் தாரா. அது எரியும் விதத்தையும், எரிவதால் விளையும் நன்மை தீமையையும், அணையும்போது நேரும் இழப்பையும் அறிந்தவனே அதன் பலனில் தன் பங்கைக் கேட்டு வாங்குவான். அதன் கேட்டிலிருந்து தன் பிள்ளைகளைக் காப்பான். 96 ஆண்டு காத்திருந்து விளக்கைப் பெற்றோம். அதனை இயக்கும் அறிவுக்கு இன்னொரு 96 ஆண்டு காத்திருப்பது நம் சந்ததிக்குச் செய்யும் துரோகமாகும்.